படுதா வீதியில் சத்தம் போட்டவன்

நான் "ஏனுங்க" என்று கூப்பிட்டது மொத்தம் நாலு தடவை. முதல் மூன்றும் மரியாதைக்குக் கூப்பிட்டது. நாலாவதில்தான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் விழப் பார்த்தது.

1937-ஆம் வருஷம், மாசி மாதம். கோயமுத்தூருக்குக் கிழக்கே படுதா வீதி என்று ஒரு தெரு. நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் படுதா எழுதுகிறவர்கள், ராஜா உடுப்புத் தைக்கிறவர்கள், ஒட்டுத்தாடி கட்டுகிறவர்கள், ஆர்மோனியத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் முழிக்கிறவர்கள் என்று ஒரு தினுசான ஆட்கள் அங்கே குடியிருந்தார்கள். தெருவின் வடபுறம் நெடுக ஒரு சினிமாக் கம்பெனியின் மதில். தெருமுனைப் புளியமரத்தடியில் வில்வண்டியை அவிழ்த்து, மாடுகளைச் சக்கரத்தில் கட்டிவிட்டு நான் உள்ளே நுழைந்தபோது மத்தியானம் இரண்டு மணி இருக்கும்.

தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. ஏணிமேல் ஒருவர், தூரிகையைப் பாதி நிலாவில் வைத்தபடி நின்றார். குழாயடியில் ஒரு பெண்பிள்ளை குடத்தை இடுப்பில் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஆட்டின் கழுத்து மணியில் துணி அடைத்திருந்தது. கூடைக்குள் கவிழ்த்த சேவல்மேல் நாலு மடிப்புச் சாக்கு. நடுத்தெருவில் ஒருவர், இடது கையில் ஒரு முனிவரின் தாடியும் வலது கையில் சிவப்புக் கொடியுமாக நின்றார்.

"ஏனுங்க," என்றேன். பதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவன் வந்து கூப்பிட்டு, "வாங்க" என்று சொல்லாமல் நிற்பவன் ஒன்று செவிடனாக இருப்பான், இல்லாவிட்டால் வரப்புத் தகராறுக்காரனாக இருப்பான். இந்தத் தெருவோடு எனக்கு வரப்பு கிடையாது. ஆகவே செவிடர்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு தெருவுக்கே இப்படி ஆகிவிட்டதே என்று பரிதாபமாகக்கூட இருந்தது. செவிடர்களிடம் எப்படிப் பேசுவது? சத்தமாகத்தான். இரண்டாவது, மூன்றாவது "ஏனுங்க"வுக்குக் கொடிக்காரர் கண்ணை உருட்டினார். கண் மட்டும் வேலை செய்கிறது போலிருக்கிறது என்று, நாலாவதை, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது மூன்று தோட்டம் தாண்டி ஆளைக் கூப்பிடுகிற குரலில் போட்டேன்.

அதுவரை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் பிடிலோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. கிராமபோன் என்று நினைத்திருந்தேன். அது வரியின் நடுவில் மளுக்கென்று ஒடிந்தது. "கட்! கட்!" என்று ஒரு ஆண்குரல் கத்தியது. பிறகு இங்கிலீஷில் ஏதேதோ. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் விளங்கிற்று.

கொடி இறங்கியது. தெரு மூச்சு விட்டது. குடம் இடுப்பில் ஏறியது.

"ஏனுங்க கவுண்டரே," என்றார் கொடிக்காரர், இவ்வளவுக்கும் மரியாதை குறையாமல். "செவப்புக் கொடி புடிச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க. ரயிலு ஏதாச்சும் வருதாக்கும்னு ஓரமா நின்னனுங்க."

அவர் பெயர் முஸ்தபா. தாடி கட்டுகிறவர். அந்தக் காலத்துச் சினிமாவில் ஆள் நடிக்கும்போதே பாடவும் வேண்டும், பாட்டை அந்த நொடியே பிடித்துவிடுவார்கள் என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். மதிலுக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு. மரக்கிளையில் மைக். புதருக்குள் பிடில்காரரும் ஆர்மோனியக்காரரும் ஒளிந்து உட்கார்ந்திருப்பார்கள். கொடி ஏறினால் தெருவே பேச்சை விழுங்கிவிட வேண்டும்.

"ஒரே பாட்டுங்க. காத்தால காக்காய் கெடுத்துது. இப்ப நீங்க."

காக்காய்க்கு அடுத்த இடம் எனக்கு. "யாரு பாடுறதுங்க?" என்றேன்.

"ஒரு புள்ளைங்க," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு என் தலைப்பாகையையும் மீசையையும் பார்த்தார். "வண்டி மாட்டோட வந்தீங்களாட்ட இருக்குது. சலங்கைக்குத் துணி சுத்தோணுமுங்க. இங்க அதான் வழக்கம்."

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி, வழிநெடுகச் சலங்கைச் சத்தத்தில் ஊர்களை எழுப்பிக்கொண்டு வந்தவன் நான். ஒரு கழுத்துக்குப் பதினாறு சலங்கை. எங்கள் ஐயன், அதாவது தகப்பனார், திருப்பூர்ச் சந்தையில் தேடி எடுத்த வெண்கலம். அதற்குப் போய்க் கந்தல் சுற்றுவதா? "பாக்கலாமுங்க," என்றேன்.

எங்கள் சீமையில் யாரும் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். 'பாக்கலாமுங்க' என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். முஸ்தபாவும் போனார்.

"எங்கீங்க இவ்வளவு தூரம்?"

"சும்மா. தெருவைப் பாக்கலாம்னுங்க."

பச்சைப் பொய். என் தங்கை தெய்வாத்தாளைத் தேடி வந்திருந்தேன். பதினாறில் கல்யாணம், பத்தொன்பதில் வெள்ளைச் சேலை, அதற்கப்புறம் எங்கள் வீட்டு எருமைக் கொட்டகை. அங்கே சாணி அள்ளும்போது பாடுவாள். போன வருஷம் என் தம்பிக்குப் பேசிமுடித்த சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, "யாருங்க பாடுறது?" என்று கேட்டார்கள். "எங்க எருமைக்குப் பாட்டு வாத்தியாருங்க. அதோட ஞானத்துக்கு இது போதுமுங்க," என்றேன். கூடமே சிரித்தது. சிரிக்காத எங்கள் ஐயனே சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொட்டகையில் பாட்டு நின்றுபோனதை அப்புறம்தான் கவனித்தேன். நாலாம் நாள் விடியும்போது அவள் வீட்டில் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் போகிற முதல் ரயிலில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இப்போது ஒரு வருஷம் கழித்து, படுதா வீதிக் குழாயடியில் அவளைப் பார்த்ததாகச் சேதி வந்தது. ஐயன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னைக்குப் பொழுது உழுகறதுக்குள்ள வண்டில அவ இருக்கோணும். இல்லீன்னா கெணத்தடில தல முழுகிப்போடுவேன். அதுக்கு மேல எனக்கு மக இல்ல." ஐயன் சொன்னால் செய்வார். அந்த ஒரு மனுஷர்தான் எங்கள் சீமையில் 'பாக்கலாமுங்க' சொல்லாதவர்.

உள்ளே டைரக்டரின் கோபம் ஆறட்டும் என்று, முஸ்தபா எனக்குத் தெருவைச் சுற்றிக் காட்டினார். ஒரு கொடியில் முனிவர்களின் தாடிகள் சோளத்தட்டுப் போலக் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த கொடியில் இமயமலை காய்ந்தது. அதன் சிகரத்தில் யாருடைய பாவாடையோ. ஒரு கூடையில் ராவணனின் ஒன்பது தலைகள் இருந்தன. பத்தாவது எங்கே என்று கேட்டேன். "அது நடிக்கறவரு கொண்டாருவாருங்க," என்றார்.

ஒவ்வொரு வாசலிலும் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "இங்க தெய்வாத்தான்னு ஒரு பொண்ணு இருக்குதுங்களா?"

"தெய்வாத்தாளுங்களா?" என்றார் ஏணிக்காரர், நிலாவின் மறுபாதியை எழுதிக்கொண்டே. "இருக்கலாமுங்க. ஊரு பெருசுங்க."

குழாயடிப் பெண்பிள்ளை, "அந்தப் பேருல எங்க சித்தி ஒருத்தி அவனாசில இருந்தாங்க. போய்ச் சேந்துட்டாங்க," என்றாள்.

முஸ்தபாவின் மனைவி ரம்ஜான் பீவி உடுப்புத் தைக்கிறவர். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, "மோர் குடிக்கறீங்களாண்ணா?" என்றார். வாயில் ஊசி இருக்கும்போது மோரைப் பற்றி மட்டும் பேச முடிகிறது. நான்கு டம்ளர் மோர் குடித்தேன். ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

அப்போது மதிலின் சின்னக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு வனராணி வந்தாள். சிவப்புச் சேலை, நெற்றியில் குங்குமம், தலைநிறையப் பூ, கை கொள்ளாத வளையல். அவளுக்குப் பின்னால் தொப்பிக்காரர் ஒருவர். டைரக்டர் என்று பார்த்ததும் தெரிந்தது, முகம் இன்னும் இங்கிலீஷிலேயே இருந்தது.

வனராணி நேராக என்னிடம் வந்தாள். "எப்பங்கண்ணா வந்தீங்க? சாப்புட்டீங்களா?"

மூன்று வருஷமாக வெள்ளையில் மட்டும் பார்த்த தங்கையைக் குங்குமத்தோடு பார்த்ததும் என் வாய் அடைத்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவை. அது இருபது நிமிஷம் முன்னாலேயே நடந்திருக்கலாம்.

"நீயா பாடுனது?"

"ஆமாங்கண்ணா. உங்க சத்தம் கேட்டுச்சுங்க. திரும்பிப் பாத்துட்டனுங்க."

என் சத்தம் மைக்கில் விழுந்ததைவிட, அவள் காதில் விழுந்ததுதான் பாட்டை ஒடித்திருக்கிறது.

"அம்மணி, ஐயன் உன்னக் கூட்டியாறச் சொல்லிச்சு. பொழுதுக்குள்ள வண்டி ஏறலீன்னா தல முழுகிப்போடறேன்னு சொல்லுது."

அவள் முகத்தில் பவுடர் இருந்ததால் நிறம் மாறியதா என்று தெரியவில்லை. வளையல் மட்டும் ஒரு தரம் குலுங்கியது. "பாக்கலாமுங்கண்ணா," என்றாள்.

இதைக் கேட்கவா பன்னிரண்டு மைல் வந்தேன்?

டைரக்டர் குறுக்கே வந்தார். "இன்னும் ஒரே டேக். புளியமரத்து நிழல் இந்த மதிலைத் தொட்டுவிட்டால் தோப்பில் வெளிச்சம் போச்சு. அதுக்குள் முடிக்கணும். இதுவும் கெட்டால், அம்மா, நாளைக்கு மதுரையிலிருந்து வேறு ஆள் வருகிறாள். நீ உன் அண்ணனோடேயே கிளம்பிவிடலாம்." பிறகு என்னைக் காட்டி, "இவரை எங்கேயாவது போட்டுப் பூட்டுங்கள்," என்றார்.

"வேண்டாமுங்க," என்றாள் தெய்வாத்தாள். "அண்ணன் இங்கயே நிக்கட்டுங்க."

அவள் கதவுக்குள் போய்விட்டாள். தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையிலிருந்துதான் எனக்கே விஷயம் உறைத்தது. மூன்றாவது டேக் கெட்டால் அவளுக்கு இங்கே இடம் இல்லை; என் வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும். ஐயன் தலை முழுக வேண்டியதில்லை. நான் செய்ய வேண்டியது ஒரு இருமல். ஒரு தும்மல்கூடப் போதும்.

"இந்தத் தெருவுல தூசி சாஸ்திங்க கவுண்டரே," என்றார் முஸ்தபா மெதுவாக. "இருமல் வரும். வந்தா வாயப் பொத்திக்கறது எங்க பழக்கம். உங்க ஊர்ல எப்படீங்க?"

"பாக்..." என்று ஆரம்பித்து, விழுங்கினேன்.

ரம்ஜான் பீவி என் உள்ளங்கையில் ஒரு கற்கண்டை வைத்தார். "தொண்டைக்கு நல்லதுங்கண்ணா." அவருடைய இன்னொரு கையில் ராஜபார்ட்டின் கனத்த சால்வை ஒன்று நாலாக மடித்துத் தயாராக இருந்தது. அது தொண்டைக்கு அல்ல, வாய்க்கு என்று புரிந்தது.

நிழல் மதிலுக்கு ஒரு முழம் இருந்தது. சிவப்புக் கொடி ஏறியது.

நீங்கள் சும்மா இருந்திருக்கிறீர்களா? நான் அதுவரை இருந்ததில்லை. சும்மா இருப்பது எவ்வளவு சத்தமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கற்கண்டு பல்லில் உரசுவது இடி மாதிரிக் கேட்டது. நாலு டம்ளர் மோரும் வயிற்றுக்குள் பேச்சுவார்த்தை ஆரம்பித்தன. ரம்ஜான் பீவி ஒரு எட்டு கிட்ட வந்தார்.

பிடில் இழுத்தது. அவள் பாட ஆரம்பித்தாள்.

ராகம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மெட்டுத் தெரியும். கொட்டகையில் விடிகாலையில் கேட்ட அதே மெட்டு. அப்போது போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு தூங்குவேன். இப்போது மூட முடியாமல் கேட்டேன். இடையில் ஒரு இடத்தில் அவள் மேலே போய், இறங்கத் தெரியாதவள் மாதிரி அங்கேயே கொஞ்சம் நின்று, பிறகு மெல்ல இறங்கினாள். ஏணிமேல் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் எருமைக்கு உண்மையிலேயே ஞானம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

தொண்டையில் அரிப்பு வந்தது. நிஜமான அரிப்பா, ஐயன் அனுப்பியதா, தெரியவில்லை. கற்கண்டைக் கடிக்காமல் கடித்தேன். அடங்கியது.

அப்போதுதான் அது கேட்டது. தெருமுனையிலிருந்து, சின்னதாக. சிலுங்.

எங்கள் செவலைக் காளை. அதற்கு ஒரு பழக்கம். ஈ உட்கார்ந்தால் முதலில் காதை ஆட்டிப் பார்க்கும். போகாவிட்டால் தலையை ஒரு தரம் மெதுவாக அசைக்கும். அப்படியும் போகாவிட்டால் கழுத்து மொத்தத்தையும் உதறும். உதறினால் பதினாறு சலங்கையும் பாடும். மதில் என்ன, கோயமுத்தூர் ஜங்ஷன் வரைக்கும் கேட்கும். இது இரண்டாவது கட்டம் என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒளிக்காமல் சொல்கிறேன். நான் உடனே ஓடவில்லை. ஒரு மூச்சு நேரம் நின்றேன். இருமியவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. மாடு உதறியது, வாயில்லாத ஜீவன், நான் என்ன செய்ய? ஐயனிடம் தங்கையைக் கொண்டுபோய் இறக்கிவிடுவேன், தங்கையிடமும் நல்லவனாக இருந்துவிடுவேன். இதைவிடச் சௌகரியமான பாவம் எனக்கு இனிமேல் கிடைக்காது.

மதிலுக்குள் அவள் மறுபடி மேலே போனாள்.

செருப்பை அங்கேயே விட்டேன். தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே, பெருவிரல் நுனியில், கொதிக்கிற மண்ணில் ஓடினேன். முப்பத்திரண்டு வயது, நாலு டம்ளர் மோர், கட்டிய பெண்டாட்டியே 'மெதுவா நடங்க, ஊடு ஆடுது' என்று சொல்லும் உடம்பு. அன்றைக்குப் பூனையாக ஓடினேன். ரம்ஜான் பீவி சால்வையோடு பின்னாலேயே ஓடிவந்தார். நான் எதற்கு ஓடுகிறேன் என்று அவருக்கு என்ன தெரியும்?

செவலையின் கழுத்து விறைத்து நின்றது. நான் போய் விழுந்து, சலங்கைப் பட்டையில் தலைப்பாகையைச் சுற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அதே நொடி அது உதறியது. என்னையும் சேர்த்து உதறியது. சலங்கை பதினாறும் என் விலாவில் குத்தின. சத்தம் சட்டைக்குள்ளேயே செத்தது. பக்கத்தில் மயிலைக்காளை என்னை வெறித்தது. ரம்ஜான் பீவி ஒரு கணம் நின்று பார்த்தார். புரிந்ததும் ராஜபார்ட் சால்வையை மயிலையின் கழுத்தில் சுற்றி, சலங்கையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தார்.

அப்படியே நின்றோம். புளியமர நிழல் மதிலை நோக்கி விரலை நீட்டியது. பாட்டு முடியவில்லை. செவலை, முதலாளி இவ்வளவு பிரியமாகக் கட்டிக்கொண்டதில் நெகிழ்ந்துபோய், பின்னங்காலை அகட்டிச் சாவகாசமாக மூத்திரம் பெய்தது. என் பாதம் இரண்டும் நனைந்தன. நான் நகரவில்லை.

பிடில் நின்றது. நான் பிடியை விடவில்லை. பிறகு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஓகே!"

தெருவில் கூக்குரல் எழும்பியது. கூடைக்குள் இருந்த சேவல்கூடச் சாக்கை மீறிக் கூவியது. முஸ்தபா கொடியைத் தோளில் சாத்திக்கொண்டு, என் செருப்பைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க கவுண்டரே, காலக் கழுவிப்போட்டுப் போட்டுக்கலாமுங்க," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வாடையினாலும் இருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் தெய்வாத்தாள் வந்தாள். பூவும் குங்குமமும் அப்படியே இருந்தன. செவலையின் நெற்றியைத் தடவினாள். அது அவளை நக்கியது. ஒரு வருஷத்தில் மறக்கவில்லை.

"நனஞ்சுபோட்டீங்களாட்ட இருக்குதுங்கண்ணா."

"உம் பாட்டக் கேட்டு உருகிட்டான்," என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் மாடு, மறுபடியும் அவள் பாட்டு, மறுபடியும் என் வாய்.

ஆனால் அவள் சிரித்தாள். "இங்க மொத மொதல்ல வந்தப்போ, முன்னால எங்க பாடியிருக்கறேன்னு கேட்டாங்க. எருமைக்குன்னனுங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுப்போட்டு, செரி பாடுன்னாங்க."

சிரித்து முடித்த பிறகு பாடு என்று சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"ரம்ஜானக்கா சோறாக்கச் சொல்லி அரிசி குடுத்திருக்குதுங்க. நானே தனியாத்தான் ஆக்கறனுங்க. சாப்புட்டுப் போட்டுப் போலாமுங்கண்ணா."

"அம்மணி."

"கொள்ளு ரசமுங்க. உங்களுக்குப் புடிக்குமுங்களே."

"தெய்வாத்தா, பொழுது எறங்குது. இப்பக் கட்டுனாத்தான் ராத்திரிக்காச்சும் ஊரு போய்ச் சேர முடியும். ஐயன் கெணத்தடில நிக்கும். நான் என்னன்னு போய்ச் சொல்றது? ஊட்டுக்கு வாறயா, இல்லயா? பாக்கலாமுன்னு மட்டும் சொல்லாத கண்ணு."

அவள் நிழலைப் பார்த்தாள். அது மதிலைத் தொட்டு ஏற ஆரம்பித்திருந்தது. மாட்டின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். என் அவிழ்ந்த தலைப்பாகையைச் சலங்கைப் பட்டையிலிருந்து விடுவித்து, உதறி, நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னோடு பேசியதில் ஒரு 'ங்க' குறைந்ததில்லை.

"வரமாட்டேண்ணா," என்றாள்.